முதல் ஆளாகப் பரிசோதனைக்குப் போனவர்

"எனக்கு அளவு எடு" என்று டேப்பை என் கையில் கொடுத்தார் ஜரீனா அக்கா.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு தெருவில் அவர் வீடு. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. அது ஒரு மத்தியான நேரம். கரண்ட் போயிருந்தது. மெஷின் எண்ணெய் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் கலந்து அடித்தன. தாம்பரம் பக்கம் போகிற ரயிலின் சத்தம் வந்து ஓய்கிற வரைக்கும் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இடது மார்பை எடுத்திருந்தார்கள். அதன் பிறகு ஏற்றிய மருந்தில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். பழைய ஜாக்கெட் ஒன்றும் உடம்பில் நிற்கவில்லை. மகள் சபீனாவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அளவெடுக்கத் தெரியாதே அக்கா."

"இன்னா பெரிய வித்தை கீது இதுல? ஊருக்கெல்லாம் நான் எடுத்தேன், எனக்கு எடுக்க ஆள் இல்ல. சபீனாகிட்ட கேட்டா அழுவா. நீ சுத்து. இறுக்காத. 'மூச்ச விடுங்க'ன்னு என்கிட்ட சொல்லு. கஸ்டமருக்கு நாங்க அப்டித்தான் சொல்லுவோம்."

"மூச்ச விடுங்க" என்றேன்.

அவர் கைகளைத் தூக்கினார். வலது கை மேலே போனது. இடது கை தோள் அளவிலேயே நின்றுவிட்டது. நான் டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் துணி தட்டையாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுவாத. டேப்பு நனஞ்சா நம்பர் அழிஞ்சுபூடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவோடு இருந்தால் அப்படித்தான், ஒழுங்காக ஒரு அழுகை அழ விடமாட்டார்.

ஒலிபெருக்கி ஆட்டோ

போன வாரம் இந்தத் தொடரில் நான் பொதுச் சுகாதாரம் படித்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தியரி, தியரி என்கிறீர்களே, தெருவில் இறங்கினால் அது எதற்கு உதவும்?" நியாயமான கேள்விதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்பாவும் சொல்லிக்கொண்டேதான் ஃபீஸ் கட்டினார்.

தியரி இல்லாமல் எங்கள் அலுவலகம் வேலை செய்த காலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். தாம்பரத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. பெண்களுக்கான மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களைத் திட்டமிடுகிற பொறுப்பு. நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் கூடுவாஞ்சேரியில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தெருத் தெருவாக அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆட்டோ நுழைந்த தெருவில் எல்லாம் பெண்கள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். முகாமுக்கு வந்தவர்கள் முழுக்க ஆண்கள். பிரஷர் பார்த்துக்கொண்டு, பிஸ்கட்டும் டீயும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரிக்கிற வயது. கையில் புதுப் பட்டம் வேறு.

நான் படித்த தியரி மிக எளிமையானது. ஒரு பெண் பரிசோதனைக்கு வர வேண்டுமானால் அவள் மனதுக்குள் சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். இந்த நோய் எனக்கும் வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? போய்க் காட்டினால் பலன் உண்டா? போகவிடாமல் என்னைப் பிடித்து வைப்பது எது? என்னால் இதைச் செய்ய முடியுமா? இதோடு, "கிளம்பு" என்று தட்டிவிட ஒரு கை வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, தன்னைப் போன்ற ஒருத்தி முதலில் போய்விட்டுத் திரும்பி வருவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் அதைத்தான் நம்புகிறேன். மனிதர்களைத் திட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் கேள் என்பதுதான் அதன் சாரம்.

திரைக்குப் பின்னால்

அதனால் கேட்டோம். அடுத்த முகாம் போட இருந்த இரும்புலியூரில் வீடு வீடாகப் போய், உடம்பு விஷயத்தில் யார் சொன்னால் கேட்பீர்கள் என்று கேட்டோம். டாக்டர் என்று சொல்வார்கள் என நினைத்தேன். இந்தப் பக்கம் பாய் வீட்டுப் பெண்களும் சரி, அந்தப் பக்கம் காலனியில் இருக்கிற டீச்சர்களும் ஆபீஸ் போகிறவர்களும் சரி, சுற்றி வளைத்து ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். டெய்லர் ஜரீனா.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லேடி டாக்டர் முன்னால்கூட முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பெண்கள், அந்தக் கடையின் திரைக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். "ஒரு பக்கம் கொஞ்சம் லூசா வை அக்கா" என்று அங்கேதான் சொல்வார்கள். பிரசவம், கணவன், மாமியார் என்று எல்லாக் கதையும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் நடக்கும். அக்காவும் ஒருத்தி கதையை இன்னொருத்தியிடம் சொன்னதில்லை.

நான் போய்க் கேட்டதும் அவர் மெஷினை நிறுத்தவேயில்லை.

"நான் இன்னா பண்ணணும்?"

"நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் பண்ணிக்கணும். அப்புறம் கடைக்கு வர்றவங்ககிட்ட, நான் போனேன், வலிக்கல, லேடி டாக்டர்தான் பாத்தாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, முகாமுக்கு வாங்கன்னு சொல்லணும்."

"அவ்ளோதானா? அத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றார். சபீனாவின் அத்தா, அதாவது அவர் கணவர், தாம்பரம் மார்க்கெட்டில் பை விற்கிற கடை வைத்திருந்தார். அவர் சரி என்றார். சபீனா நாவலூரில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண். அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "செமம்மா" என்றாள்.

மார்பைத் தானாகவே தொட்டுப் பார்ப்பது எப்படி என்ற படத்தைத் திரைக்குப் பின்னால் ஒட்டினோம். முன்னால் ஒட்டினால் துணி வாங்க வருகிற ஆண்கள் பார்ப்பார்கள் என்று அக்காதான் சொன்னார். எங்கள் இயக்குநர் மகிழ்ந்துபோனார். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அவருடைய படத்தில் "ஜரீனா" என்று ஒரு கட்டம். அதிலிருந்து "பெண்கள்" என்ற கட்டத்துக்கு ஓர் அம்பு போயிற்று.

திட்டத்தில் இல்லாத முடிவு

அக்கா பரிசோதனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். போகிற வழியெல்லாம் ஆட்டோவில் கடைக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தார். டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதினார். ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசியில் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கு எந்த வலியும் இருந்ததில்லை. அன்று காலைகூட மெஷின் மிதித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். அவர் கேட்டது இதுதான்: "அப்போ நம்ம முகாமு இன்னா ஆவும் மாலதி?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. "முகாம் கெடக்குது அக்கா. உங்க ஆபரேஷனைப் பாக்கலாம்" என்று கத்திவிட்டேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் போட்ட திட்டத்தில் முதலில் போகிறவள் நல்லபடியாகத் திரும்பி வருவாள் என்றுதான் இருந்தது. வேறு முடிவு வந்தால் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துப் பார்த்த பெரியவர்கள் யாரும் கேட்கவும் இல்லை. எத்தனை படித்த தலைகள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தன என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவங்களை முழுசா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க மாலதி. வேற ஒருத்தங்களை முன்னாடி நிறுத்தலாம். இப்போ இதை வெளிய சொன்னா பேக்ஃபயர் ஆயிடும். பயம் ஏறி, வழியும் தெரியலைன்னா, ஜனங்க அந்த நோயே இல்லைன்னு சொல்லிட்டு ஒதுங்கிடுவாங்க. நீங்களே படிச்சதுதானே."

படித்ததுதான். ஆனால் ஒரு பெண்ணை மேடையேற்றிவிட்டு, அவளுக்கே நோய் வந்ததும் பின்வாசல் வழியாக அனுப்புவதா என்று சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. அவரும் வருத்தத்தில்தான் இருந்தார்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் சட்டை செய்யவில்லை. "நான் நல்லா கீறேன்னு சொல்லத்தான கூப்ட்டீங்க? இல்லன்னு ஆயிடுச்சு. இல்லன்னே சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

முன்னறையில் நடந்த கூட்டம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம். சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். கடையில் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். தெருப் பெண்கள் வந்தார்கள், காலனியிலிருந்தும் வந்தார்கள். அக்காவுடைய நாத்தனார் நூர்ஜஹான் அம்மா சுவரோரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். சபீனாவின் அத்தாவுக்கு மூத்தவர், அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். அந்தத் தெருவில் அவர் குரலுக்கு மறுகுரல் கிடையாது.

அக்கா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். எழுந்து நிற்கவில்லை. தையல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"உங்க எல்லாரையும் நான் அளவு எடுத்துக் கீறேன். எனக்கு எடுத்தாங்க. கட்டி கீதுன்னு வந்துச்சு. கேன்சரு. வலியே இல்ல, சத்தியமா. மாலதி கூட்டிகினு போவலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆபரேஷன் பண்ணப் போறாங்க. நான் பயந்துகினுதான் கீறேன். பயமில்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா நீங்க போயி காட்டுங்க. சின்னதா இருக்கச்சொல்லோ காட்டுங்க."

ஒருவர் பின் ஒருவராக அழ ஆரம்பித்தார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். கன்னத்தைத் தடவினார்கள். அவருக்காகக் கையேந்தி துஆ செய்தார்கள். காலனி தேவகி டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. இயக்குநருக்கு உடனே போன் போட்டு, "சார், எல்லாரும் வருவாங்க" என்றேன்.

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்து, மண்டப வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் நின்று விசாரித்தார்கள்.

"அக்கா, உடம்பு எப்டி கீது? ஏன் வெயில்ல உக்காந்துகினு கீறீங்க?"

"நீ உள்ள வா. அஞ்சு நிமிசத்துல அனுப்பிடுவாங்க."

"மீன் வாங்கிட்டு வந்துடறேன் அக்கா."

தேவகி டீச்சர் மட்டும் நேர்மையாக நின்று பதில் சொன்னார்: "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் ஜரீனா. இப்போ ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."

உள்ளே லேடி டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சும்மா உட்கார வைக்க வெட்கப்பட்டு, எங்கள் அலுவலகப் பெண்களே போய்க் காட்டிக்கொண்டோம். தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. மதியம் மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். அக்கா அப்போதும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது.

கஞ்சியும் பேச்சும்

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. அவர்களுக்கு அக்கா மேல் பிரியம் இல்லை என்று சொல்லவே முடியாது. மருந்து ஏற்றிய நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எரிந்ததே அபூர்வம். ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வரும், இன்னொரு வீட்டிலிருந்து ரசம் வரும். வாந்தி எடுத்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. நிக்காஹ் வேலை முழுவதையும் தெருவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. டெஸ்ட் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் அளவெடுக்கவும் வராமல் போனார்கள். திரைக்குப் பின்னால் அந்தப் படம் இருந்ததே, அதற்குப் பயந்தோ என்னவோ. அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நூர்ஜஹான் அம்மா ஒருபடி மேலே போனார். பால் வாங்குகிற இடத்தில், என் காதுபடவே சொன்னார்.

"நல்லா இருந்தவ. இதுங்க கூட்டிகினு போயி காட்டினாங்க, வந்துடுச்சு. காட்டாம இருந்திருந்தா இன்னிக்கும் மெஷின் மிதிச்சிகினு இருந்திருப்பா."

அன்றிலிருந்து நான் அவரோடு பேச்சை விட்டுவிட்டேன். எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவேன். அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"அது என் மேல இருக்கிற பிரியத்துல பேசுது. கோச்சுக்காத" என்றார் அக்கா.

"அவங்க பேசுறதாலதான் தெருவே பயப்படுது அக்கா."

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மருந்தால் விரல் நுனி மரத்துப்போய், நூல் கோப்பதற்கே நேரம் பிடித்தது. பிறகு சொன்னார்: "எல்லாரும் வோணாம் மாலதி. ஒருத்தி போயி காட்டினா போதும். ஒருத்திக்காச்சும் உபயோகமாச்சுன்னு இருக்கணும். இல்லன்னா இன்னாத்துக்கு அத்தினி பேரு முன்னாடி என் உடம்பப் பத்திப் பேசினேன்?"

ஆரம்பத்தில் சொன்னேனே, நான் அளவெடுத்துக் கொடுத்த ஜாக்கெட், அதை அவரே தைத்தார். இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்து, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி தைத்திருந்தார். சபீனாவின் நிக்காஹில் அதைப் போட்டுக்கொண்டு, பிரியாணி போதவில்லை என்று பரிமாறுகிற ஆட்களை விரட்டிக்கொண்டு நடந்தார். அன்று அவரைப் பார்த்தவர்கள் பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது.

கடைசி வாரங்களில் நான் போனபோதெல்லாம், "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பார். பொய் சொல்லலாமா என்று எத்தனையோ முறை தோன்றியது. என் வாயில் பொய் வரவில்லை. "இன்னும் இல்ல அக்கா" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கற்பூரம் கரைத்த தண்ணீர்

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சபீனா போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சபீனாவின் அத்தா என்னைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே புடவைகளை மறைப்பாகக் கட்டி, வீட்டுப் பெண்கள் மையத்தை, அக்காவின் உடலை, குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் தரையில் உட்கார்ந்தேன். தைக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்க வராதவர்களின் துணிகள் அலமாரியில் மடித்து வைத்தபடி இருந்தன. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கற்பூர வாசனை வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கஞ்சி கொண்டுவந்தவர்கள் மேல், கட்டம் போட்டவர்கள் மேல், அத்தனை அழகான அந்தத் தியரி மேல்.

மறைப்பை விலக்கிக்கொண்டு நூர்ஜஹான் அம்மா வெளியே வந்தார். கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

"நாந்தான் குளிப்பாட்டினேன்" என்றார்.

நான் அலமாரியில் இருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தழும்ப இன்னிக்குத்தான் பாத்தேன். நல்லா ஆறிக் கீது. நான் என்னவோ புண்ணா இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அது எப்பவோ ஆறிடுச்சும்மா" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, முந்தானைக்கு உள்ளே, தன் வலது மார்பின் மேல் வைத்தார். ஜாக்கெட்டுக்கு அடியில் கல் மாதிரி ஒன்று இருந்தது. நான் விரலை நகர்த்திப் பார்த்தேன். அது நகரவில்லை.

"எப்பலேர்ந்தும்மா இது?"

"இந்த ரூம்புல ஜரீனா பேசினா பாரு, அன்னிக்கே இருந்துச்சு. அதுக்குத்தான் மொத ஆளா வந்து உக்காந்தேன். அப்போ சுண்டக்கா அளவுதான்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் கையையும் எடுக்கத் தெரியவில்லை.

"இப்போ போனாலும் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

"பாப்பாங்கம்மா. இன்னிக்கே போலாம்" என்றேன்.

அப்போது ஜரீனா அக்காவை வெளியே கொண்டுவந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.